இவாவோ அண்ணனின் இடது பூட்ஸ்

ஹெல்மெட் போடாமல் மூன்று சக்கர பைக் ஓட்டுகிற யாருக்கும் என் கடையில் ஒரு ஜோடி கையுறைகூடக் கிடைக்காது. வாசலில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லையே என்று சிலர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். சொல்லவில்லைதான். பின்பக்கம் இரண்டு சக்கரம் வைத்த அந்த பைக் எங்கள் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் ஒரு கார். கார் லைசென்ஸ் போதும், தலையில் எதுவும் வேண்டாம். "அப்போ அந்தச் சட்டத்துக்கிட்டயே போய் ஜெர்கின் வாங்கிக்கோ" என்று கதவைக் காட்டுவேன். எங்கள் சுசாகி ஊரில் எனக்கு வாயாடி தோமியே என்றுதான் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் அக்டோபர் வரைக்கும் அந்தத் தாள் என் வாசலில் இல்லை.

இந்த ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் மிசாவோ அக்கா உள்ளே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் புருஷன் இவாவோ அண்ணன் போன அக்டோபரில் என் கடைக்கு எதிரே இருக்கிற சிக்னலில்தான் செத்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்றால் அந்த இடம் நேராகத் தெரியும். பத்து மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

"தோமியே, எனக்கு பைக் ஓட்டற உடுப்பு வேணும்" என்றாள். "அவரோட வண்டிய நான் ஓட்டப் போறேன்."

"அக்கா, உங்களுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே!"

"சைக்கிள் கவுந்துரும். இது கவுழாது. நாலு நாளா மீன் சந்தை மைதானத்துல நிஷிமோரிதான் சொல்லிக் குடுத்தான். உன்னவிட நல்லா ஓட்டறேனாம்."

நிஷிமோரி என் கடைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரன். இவாவோ அண்ணனின் வண்டியைச் சரிசெய்து கொடுத்தவனும் அவன்தான். இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு நாலு நாளாக என்னிடம் மூச்சு விடவில்லை பார்த்தீர்களா, அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"என்னத்துக்கு அக்கா இந்த வயசுல?"

"பதிமூணாம் தேதி ஓபோன் ஆரம்பம். அவர அழைச்சுட்டு வர வேண்டாமா?"

ஓபோனுக்குச் செத்தவர்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிப் போவார்கள். இவாவோ அண்ணனுக்கு இது முதல் தடவை. எங்கள் பக்கம் பழைய வீட்டுக்காரர்கள் கல்லறைக்கே போய்த்தான் அழைத்து வருவார்கள். கல்லறைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, "ஏறிக்கோங்க" என்று சொல்லி, இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு, உப்புமூட்டை தூக்குகிறபடி வீடு வரைக்கும் நடப்பார்கள். வழியில் கையை விடக்கூடாது.

"கல்லறை இருக்கற கோயில் மேட்டு மேல. எழுபத்தெட்டு கிலோவ என் இடுப்பு தாங்குமா?" என்றாள் அக்கா. "அதான் பின்சீட்டுல ஏத்திட்டு வரப் போறேன்."

"கார்ல கூட்டிட்டு வாங்களேன்."

"கார்ல அவருக்குக் குமட்டும். உயிரோட இருந்தப்பவே ஏற மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. கல்லாவின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கொட்டகைல வண்டிக்கு உறை போட்டு மூடி வெச்சிருக்கேன். தெனம் காலைல பாத்தா முன்சீட்டு மட்டும் பள்ளமா அமுங்கியிருக்கு. தட்டிச் சரி பண்ணிட்டு வருவேன். மறுநாள் மறுபடியும் பள்ளம். ஏறி உக்காந்துக்கறாரு, தோமியே. கெளம்பத் தெரியல. போற எடத்துக்கு ஒழுங்காப் போனாத்தானே ஓபோனுக்குத் திரும்ப வர முடியும்? அவர முன்சீட்டுலேர்ந்து எறக்கிப் பின்னாடி உக்கார வெக்கணும். அதுக்கு முன்னாடி நான் உக்காரணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால், பூனை படுத்திருக்கும் என்று வாயை அடைத்திருப்பேன். அவளிடம், "வாங்க, ஹெல்மெட்ல ஆரம்பிப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு பெரிய தம்ளரில் பார்லி டீ ஊற்றிக்கொண்டு திரும்பினால், அவள் நாற்காலி போட்டு ஏறி மேல் அலமாரியிலிருந்து அந்தக் கருநீல ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டியிருந்தாள். தம்ளர் சாய்ந்து டீ தரையில் கொட்டியது. கடையில் நூறு ஹெல்மெட் இருக்கிறது. விற்காமல் வைத்திருப்பது அது ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் தினமும் துடைப்பேன். அதைத் தொடவே மாட்டேன். தொடாமலே அதில் தூசி படிவதில்லை.

"அது விக்கறதுக்கில்ல, கழட்டுங்க."

"தோமியே" என்றாள் உள்ளேயிருந்து. "இதுல அவர் வாசனை அடிக்குது."

"என்ன வாசனை?"

"கமேலியா எண்ணெய். அவர் தலைக்குத் தடவிக்கறது. இத அவர் போட்டுப் பாத்தாரா?"

"ஊர்ல பாதிக் கெழவனுங்க அந்த எண்ணெய்தான் தடவறாங்க" என்றேன். "அவர் இல்ல. வேற யாரோ."

பொய். வாய் கூசாமல் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கல்லாவில் வைத்தாள். அவள் தலைக்கு அது பெரியது. தலையை ஆட்டினால் ஆடுகிற ஹெல்மெட் போடாததற்குச் சமம் என்று சொல்லி, முகத்தை முழுக்க மூடுகிற சின்ன அளவில் ஒரு வெள்ளையைக் கொடுத்தேன். பெர்ம் போட்ட முடி நசுங்கும் என்று முனகினாள். உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, அது தன் மூச்சு மாதிரி இல்லை என்றாள். எல்லோருக்கும் முதல் நாள் அப்படித்தான் என்றேன்.

அடுத்தது ஜெர்கின். ஆகஸ்ட் வெயிலுக்கு வலைத்துணி, முதுகிலும் தோளிலும் முழங்கையிலும் கெட்டிப் பட்டை. முதல் வருஷத் துக்கம், கறுப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். "லாரிக்காரன் கண்ணுக்கு உங்க துக்கம் தெரியாது, வண்டிதான் தெரியணும்" என்று மஞ்சளை எடுத்துப் போட்டுவிட்டேன். கண்ணாடி முன் நின்று மூடிப் பார்த்தவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

"இது வலது பக்கம் மேல வருதே! செத்தவங்களுக்குல்ல இப்படி மூடுவாங்க? அவருக்கு நானே இழுத்து மூடினேன்."

"அக்கா, பொம்பளைங்க உடுப்பெல்லாம் அப்படித்தான் தைப்பான். இப்போ போட்டிருக்கீங்களே சட்டை, அதோட பொத்தானப் பாருங்க."

குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. நாற்பது வருஷமாகப் போடுகிற சட்டையில் அன்றைக்குத்தான் அதைக் கவனித்திருக்கிறாள். ஆண்களுக்கான சின்ன அளவு ஜெர்கினை எடுத்துக் கொடுத்தேன். அது இடது பக்கம் மேலே வருகிறபடி மூடியது. அப்புறம்தான் அவள் தோள் தளர்ந்தது.

பேண்ட்டுக்கு உட்காருகிற இடத்தில் வழுக்காத துணி வேண்டும். இரண்டு சக்கரம் வளைவில் சாயும், ஓட்டுகிறவரும் கூடச் சாயலாம். மூன்று சக்கரம் சாயாது, ஆளைத்தான் வெளிப்பக்கம் தள்ளும். பின் சக்கரம் இரண்டும் உடம்புக்குப் பக்கத்திலேயே சுற்றுவதால் கழுத்துத்துணி, தொங்குகிற விளிம்பு, நாடா எதுவும் ஆகாது. இதையெல்லாம் சொல்லச் சொல்ல, நல்ல பள்ளிக்கூடப் பிள்ளையாய்த் தலையாட்டினாள். கையுறையும் ஆயிற்று. கடைசியில் பூட்ஸ் என்றதும் அந்த பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள்.

இவாவோ அண்ணனின் பூட்ஸ். இடதின் குதிகாலில் டயர் ஏறிய தடம் அப்படியே பதிந்திருந்தது.

"போலீஸ் குடுத்தாங்க. உள்ள ரெண்டு ஜோடி சாக்ஸ் திணிச்சா எனக்குச் சரியா இருக்கு. இது மட்டும் அவரோடது. மத்ததெல்லாம் நீ சொன்னபடி கேட்டேன்ல?"

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வாசலில் நிஷிமோரி அந்த வண்டியோடு வந்து நின்றான். சிவப்பு, சின்னது, கியர் போட வேண்டியதில்லை. "என்னக்கா, மொறைக்கறீங்க? உடுப்பு போட்டுட்டு ஒரு தரம் ஓட்டிப் பாக்கத்தான் கொண்டாந்தேன்" என்றான். அவனைத் திட்டிக்கொண்டே மூவரும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் முற்றத்துக்குப் போனோம்.

இந்த வண்டி எப்படி ஆளைக் கொல்லும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு சக்கர பைக் நின்றால் விழும். அதனால் பிரேக் பிடித்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றும். வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு அது நினைவில் இல்லை, காலிலேயே இருக்கிறது. மூன்று சக்கரத்தில் காலை ஊன்றவே கூடாது. வண்டி முழுக்க நிற்பதற்குள் ஊன்றினால், பின்னால் வருகிற சக்கரம் குதிகாலில் ஏறிவிடும். இவாவோ அண்ணன் நாற்பது வருஷம் இரண்டு சக்கரம் ஓட்டியவர். முட்டி போனபின் இதற்கு மாறினார். சிவப்பு விளக்கு விழுந்தது, பிரேக் பிடித்தார், இடது கால் கீழே வந்தது. சக்கரம் குதிகாலை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, உடம்பு பக்கவாட்டில் விழுந்து, தலை நடைபாதை விளிம்பில் மோதியது. அந்தச் சத்தம் கடைக்குள் கேட்டது.

மிசாவோ அக்கா வாழ்க்கையில் இரண்டு சக்கரத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் வர வழியே இல்லை. நாலு நாளும் ஒருமுறைகூடக் காலை எடுக்கவில்லை என்று நிஷிமோரி சத்தியம் செய்தான்.

"ஓட்டுங்க. நான் கை தட்டினதும் நிறுத்துங்க" என்றேன்.

மெதுவாக வந்தாள். தட்டினேன். இடது கால் கீழே வந்தது.

குழந்தை நடையாய் வந்த வண்டி என்பதால் சக்கரம் குதிகாலை உரசியதோடு நின்றது. நிஷிமோரி "அக்கா!" என்று கத்திவிட்டான். அவள் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நான் வெக்கல" என்றாள்.

மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடி கால் கீழே வந்தது. முட்டியைக் கொஞ்சம் வெளியே விரித்து, முன்பாதத்தை முதலில் ஊன்றி, அப்புறம் குதிகாலை இறக்குகிற விதம். முட்டி வலிக்கு இவாவோ அண்ணன் அப்படித்தான் ஊன்றுவார். ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிஷிமோரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எறங்குங்க. அந்த பூட்ஸக் கழட்டுங்க, அக்கா! இப்பவே கழட்டுங்க!"

"அவர் வந்திருக்காரு, தோமியே" என்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படியே விட்டால் நாளன்றைக்கு இவள் அந்தச் சிக்னலில் காலை ஊன்றுவாள். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று இன்னொரு தடவை பார்ப்பேன்.

கடைக்குள் ஓடிப்போய்க் கல்லாவின் கடைசி இழுப்பறையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து வந்தேன். பழுப்புத் தோல் தொப்பி. உள்ளே என் கடைச் சீட்டு தைத்திருக்கிறது.

மிசாவோ அக்கா தொப்பியைப் பார்த்தாள். "இதத்தான் தேடினேன்" என்றாள். "போலீஸ்காரங்க அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொன்னாங்க."

"அன்னிக்கு உருண்டு வந்து என் வாசல்ல நின்னுது. எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்." நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று பயந்து கொட்டிவிட்டேன். "அந்தக் கருநீல ஹெல்மெட்ட அண்ணன்தான் போட்டுப் பாத்தாரு. வாங்கத்தான் வந்தாரு. தல வேகுது, கண்டிப்பா வேணுமான்னு கேட்டாரு. எனக்கு அப்போ சாப்பாட்டு நேரம், நூடுல்ஸ் ஆறிக்கிட்டிருந்துச்சு. 'சட்டம் ஒண்ணும் கேக்கலையேண்ணே, இந்தத் தொப்பி உங்களுக்கு அம்சமா இருக்கு'ன்னு சொல்லி வித்துட்டேன். கால் மாட்டினதுல சாகல அக்கா அவரு. தலையில ஒண்ணும் இல்லாம செத்தாரு. நான் சொல்லிச் செத்தாரு."

நிஷிமோரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வண்டியிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி, அதாலேயே என் தோளில் அடித்தாள். இரண்டாவது தடவையும் அடித்தாள். வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை. அப்புறம் அங்கேயே, வெயில் காய்ந்த சிமெண்டுத் தரையில், அந்த மஞ்சள் ஜெர்கினோடு உட்கார்ந்து அழுதாள்.

"அத மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு" என்றாள். "கண்ணாடி முன்னாடி நின்னு எப்படி இருக்குன்னாரு. ஹெல்மெட் எங்கன்னு நான் கேட்டிருக்கணும். ஹெல்மெட் வாங்கப் போனவர்தானே? நான் என்ன சொன்னேன் தெரியுமா? சினிமா நடிகன் மாதிரி இருக்கீங்கன்னேன். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்துல அப்படி ஒரு தடவதான் சொன்னேன். அதுக்கப்புறம் அத அவர் கழட்டவே இல்ல."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நிஷிமோரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தான். வெகுநேரம் கழித்து அவளே பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"இத விட்டுட்டுப் போனா அவர் எப்படி வருவாரு?"

"பின்சீட்டுல உக்காந்து வரவருக்குக் கால் எதுக்கு?" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்ததில் வேறெதுவும் தோன்றவில்லை. "ஊணற கால் என்கிட்ட இருக்கட்டும். ஆள நீங்க ஏத்திட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் அளவுக்கு, முழங்காலுக்குக் கீழே வரைக்கும் ஏறுகிற புது பூட்ஸ் போட்டுவிட்டேன். பன்னிரண்டு தடவை ஓட்டி நிறுத்தினாள். பதினொரு தடவை கால், வண்டியின் மிதிபலகையிலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை இடது கால் பலகையை விட்டு எழும்பி, துடித்து, திரும்பப் போய் அமர்ந்தது. அந்த ஒன்றுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

பதின்மூன்றாம் தேதி நான்கு மணிக்கு முழு உடுப்போடு வாசலில் வந்து நின்றாள். நான் கருநீல ஹெல்மெட்டை எடுத்து வந்து பின்சீட்டில் வைத்து, ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

"இது எதுக்கு?"

"அண்ணனுக்கு. என் வாசல்ல ஒட்டியிருக்கற தாள் செத்தவங்களுக்கும் சேத்துத்தான். வரப்போ ஹெல்மெட் இல்லாம வந்தா உள்ள விட மாட்டேன்னு சொல்லுங்க."

அவள் வெள்ளை ஹெல்மெட்டுக்குள் சிரித்தது கேட்டது. போகும்போது சிக்னல் பச்சையாக இருந்தது. நிற்காமல் மேடேறிப் போய்விட்டாள்.

திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வீட்டு வாசல்களில் பைன் சிராய் போட்டு, செத்தவர்களுக்கான அழைப்புத் தீ மூட்ட ஆரம்பித்துவிட்டார்கள், தெருவெல்லாம் புகை. நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. பூட்ஸ் இரண்டையும் எனக்குப் பின்னால், கடைக்குள், முனை சேர்த்து ஜோடியாக வைத்திருந்தேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஜோடியாகத்தான் இருந்தன.

சிவப்பு வண்டி இறக்கத்தில் தெரிந்தது. மஞ்சள் ஜெர்கின், வெள்ளை ஹெல்மெட், அதற்குப் பின்னால் கருநீல ஹெல்மெட். சிக்னல் மஞ்சளாகி, சிவப்பாயிற்று. அவள் பிரேக் பிடித்தாள். போகும்போது நிமிர்ந்திருந்த வண்டி, இப்போது பின்பக்கம் பாரமேறி அமுங்கியிருந்தது. வண்டி இன்னும் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவள் இடது கால் பலகையை விட்டு எழும்பியது. முட்டி வெளியே விரிந்தது. முன்பாதம் கீழ்நோக்கித் தாழ்ந்தது.

"வெக்காதீங்க!" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

என் முதுகுக்குப் பின்னால், கடைக்குள், தரையில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது.

ரோட்டில் அவள் கால் திரும்பப் பலகையில் போய் அமர்ந்தது. வண்டி கோட்டருகில் அசையாமல் நின்றது. அவள் என் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள். பச்சை விழுந்தது. புகைக்குள் வண்டி மெதுவாகப் போய், அவள் வீட்டுச் சந்தில் திரும்பி மறைந்தது.

அப்புறம்தான் உள்ளே திரும்பினேன். வலது பூட்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. இடது பூட்ஸ் ஓரடி முன்னால், கொஞ்சம் வெளிப்பக்கமாக விரிந்து, பாதம் முழுக்கத் தரையில் பதிந்து நின்றது. அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது.

"நல்லா ஊணிக்கோங்கண்ணே" என்றேன். "இங்க எந்தச் சக்கரமும் வராது."